மார்கழியில் மயிலாப்பூர்: இரண்டு நாள் இசை கேட்க வருகிறவர்களின் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் வெளியூர் நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. கச்சேரி கேட்க வேண்டும், மயிலாப்பூரையும் சுற்ற வேண்டும், எங்கே ஆரம்பிப்பது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கச்சேரி நேரமும் கட்டணமும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அவற்றை மட்டும் கச்சேரி நடத்தும் அந்தந்தச் சபாவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்னை முழுக்கச் சபாக்கள் இருக்க, ஏன் மயிலாப்பூர்?

தி. நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் இருக்கின்றன. ஆழ்வார்பேட்டையில் நாரத கான சபா. எல்லாமே கேட்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இரண்டே நாள் வருகிறவருக்கு மயிலாப்பூர் போல வேறு பேட்டை அமையாது. கபாலீசுவரர் கோயிலை நடுவில் வைத்துக்கொண்டால் பாரதிய வித்யா பவன் கிழக்கு மாட வீதியிலேயே இருக்கிறது. ரசிக ரஞ்சனி சபா சுந்தரேசுவரர் தெருவில். லஸ் பக்கம் போனால் ரானடே நூலகக் கட்டடத்தில் சீனிவாச சாஸ்திரி ஹால், லஸ் அவென்யூவில் ராகசுதா ஹால். முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். பழைய ஆட்கள் இன்னும் ஆலிவர் ரோடு என்றுதான் சொல்வார்கள். பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர் வாழ்ந்த தெரு அது.

இத்தனைக்கும் நடந்தே போய்விடலாம். நடக்கிற வழியிலும் சங்கீதம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கோயிலில் ஓதுவார் குரல், மாட வீதியில் பஜனை, ஏதோ ஒரு மாடியில் வர்ணம் என்னும் பயிற்சிப் பாட்டைச் சாதகம் செய்யும் பிள்ளைகள். கச்சேரி மட்டும் கேட்க வேண்டுமென்றால் எந்த ஊரில் இருந்தும் இணையத்தில் கேட்கலாம். இவ்வளவு தூரம் வருவது அந்தச் சங்கீதம் புழங்குகிற தெருவில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகத்தான்.

எந்த வார இறுதியில் வருவது நல்லது?

மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கிறது. மியூசிக் அகாடமியின் விழா டிசம்பர் 15-ல் தொடங்கி ஜனவரி 1 அன்று பட்டமளிப்பு விழாவான சதஸோடு முடியும். அதன் பிறகு நாட்டிய விழா. மற்ற சபாக்கள் சில நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. கிறிஸ்துமஸை ஒட்டிய வாரம்தான் உச்சம். பெரிய வித்வான்கள் எல்லோரையும் அப்போது கேட்கலாம், கூட்டமும் அப்போதுதான். என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய வார இறுதி. டிக்கெட்டுக்கு முட்டிமோத வேண்டாம், பாடுகிறவர்களின் குரலும் இன்னும் களைத்திருக்காது. சீசன் முடிவதற்குள் சிலர் பத்துப் பன்னிரண்டு மேடைகள் ஏறிவிடுகிறார்கள். கடைசி வாரக் கச்சேரிகளில் அந்தக் களைப்பு தாரஸ்தாயியில், அதாவது மேல் ஸ்வரங்களில், தெரியும்.

இரண்டு நாளில் எத்தனை கச்சேரி கேட்கலாம்?

நான்கு. அதற்கு மேல் வேண்டாம்.

இந்த ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். அட்டவணையைப் பார்த்தால் கை பரபரக்கும். காலையில் ஒன்று, பகலில் இரண்டு, மாலையில் ஒன்று, அது முடிவதற்குள் ஓடிப்போய் இன்னொரு சபாவில் பாதிக் கச்சேரி என்று பட்டியல் போடத் தோன்றும். அப்படிக் கேட்டவர்களிடம் ஞாயிறு இரவு பேசிப் பாருங்கள். யார் பாடினார்கள் என்று சொல்வார்கள், என்ன பாடினார்கள் என்பது நினைவிருக்காது. ஒரு தோடி ராக ஆலாபனையை இருபது நிமிஷம் ஒருவர் கட்டி எழுப்பியதைக் கேட்டால் அது கொஞ்ச நேரமாவது மனதில் ஊற வேண்டும். அடுத்த ஆட்டோவைப் பிடிக்க ஓடினால் எங்கே ஊறுவது?

பகலில் ஒன்று, மாலையில் ஒன்று, மறுநாளும் அப்படியே. நடுவில் கிடைக்கும் நேரத்தில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடங்கள், சாப்பிடுங்கள், ஒரு மணி நேரம் தூங்குங்கள்.

கர்நாடக இசையில் எனக்கு ஒன்றுமே தெரியாது. புரியுமா?

புரியும். ரசிப்பதற்கு ராகத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் சீட்டில் ராகப் பெயர் எழுதிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துக் கலங்காதீர்கள், அது அவருடைய சந்தோஷம்.

ஆனால் கச்சேரியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் கேட்பது சுலபமாகும். இப்போது நாம் கேட்கிற கச்சேரி முறைக்கு உருவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). விறுவிறுப்பான ஒரு வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனைகளாகப் பாடி, அரங்கம் சூடேறியதும் ஒரு ராகத்தை விரிவாக எடுத்துக்கொள்வார்கள். அதுதான் அன்றைய பிரதானம். முதலில் ஆலாபனை, தாளமும் சாகித்யமும் (பாட்டின் சொற்கள்) இல்லாமல் ராகம் மட்டும். பாடகர் முடித்ததும் வயலின்காரர் தன் பங்குக்கு வாசிப்பார். பிறகு கீர்த்தனை. அதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அதே சொற்களை விதவிதமாகப் பாடுவது நிரவல். தொடர்ந்து, ஸ்வரங்களையே கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம், அதற்கப்புறம் தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம். சில நாள், ஒற்றை வரியை விரிவாக எடுத்துப் பாடும் ராகம் தானம் பல்லவியும் உண்டு. கடைசியில் துக்கடா எனும் சிறு பாட்டுகள், மங்களம்.

முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வேலை ஒன்றே ஒன்று: தாளத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான உருப்படிகள் ஆதி தாளத்தில்தான் இருக்கும். தொடையில் ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. தாளம் தவறினால் மேடையில் பாடுகிறவரின் கையைப் பாருங்கள், அல்லது முன்வரிசை மாமியின் கையைப் பாருங்கள், மறுபடி சேர்ந்துகொள்ளலாம். எண்ணிக்கை கையில் உட்கார்ந்துவிட்டால், கல்பனாஸ்வரம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து நிற்கும்போது நீங்களே ‘ஆஹா’ என்பீர்கள். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதிப் பேர் எழுந்து போகிறார்களே, நானும் போகலாமா?

போகாதீர்கள். இது எனக்கு ஆற்றாமையான விஷயம். கேன்டீனில் கூட்டம் சேருவதற்குள் போய்விடலாம் என்று மிருதங்கக்காரர் முதல் சொல்லை வாசிக்கும்போதே வரிசை வரிசையாக எழுந்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் பாடகரைத் தாங்கிப் பிடித்த மனிதர் தன் வித்தையைத் தனியே காட்டக் கிடைப்பது அந்தக் கால் மணி நேரம்தான். அப்போது அவர் பார்ப்பது நம் முதுகுகளை. தாள வாத்தியக்காரர்களை இரண்டாம் இடத்தில் வைப்பது நெடுநாள் பழக்கம். பாலக்காடு மணி ஐயர் அளவுக்கு உயர்ந்த ஒருவர் 1966-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆகும்வரை எந்த மிருதங்க வித்வானுக்கும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

உட்கார்ந்து கேட்டால் இவ்வளவு இருக்கிறது: மிருதங்கம் ஒரு சுற்று வாசிக்கும், கடமோ கஞ்சிராவோ அதற்குப் பதில் சொல்லும். சுற்றுகள் போகப் போக அளவு பாதியாகும், மறுபடி பாதியாகும். அதற்குக் குறைப்பு என்று பெயர். கடைசியில் இருவரும் சேர்ந்து, முடிவுக்கு அறிகுறியான மோரா வைத்து, கோர்வை என்னும் முடிப்புச் சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கிற இடத்தில் பாடகர் சரியாகப் பாட்டைப் பிடிப்பார். தாளம் போட்டுக்கொண்டே கேட்டவருக்கு அந்த நொடி உடம்பு சிலிர்க்கும். கடம் மானாமதுரை மண்ணில் செய்ததாக இருந்தால் அதன் கணீரென்ற நாதத்தைத் தனியில்தான் முழுதாகக் கேட்கலாம்.

வடை எங்கும் ஓடிவிடாது.

பெரிய சபாவா, சின்ன ஹாலா?

இரண்டிலும் ஒவ்வொன்று கேளுங்கள். மியூசிக் அகாடமியை விடக் கூடாது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் தொடங்கப்பட்டது அகாடமி. டி.டி.கே. சாலையில் இப்போதுள்ள அரங்கம் 1962-ல் திறக்கப்பட்டது. மாலைக் கச்சேரியின் பிரமாண்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; காலையில் எட்டு மணி சுமாருக்கு நடக்கும் லெக்-டெம் என்னும் விளக்க உரைதான் அங்கே எனக்கு மிகப் பிடித்தது. ஒரு ராகத்தின் பழைய உருவம், ஒரு வாசிப்பு பாணி, ஒரு தாளக் கணக்கு என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வித்வான்கள் பேசியும் பாடியும் காட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற மூத்த வித்வான்கள் எழுந்து ஆட்சேபிப்பதும் உண்டு. அந்த விவாதத்தைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சின்ன ஹாலின் சுகம் வேறு. ராகசுதாவிலோ சீனிவாச சாஸ்திரி ஹாலிலோ மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம். தம்புராவின் ரீங்காரம் ஸ்பீக்கர் வழியாக வராமல் நேராகக் காதுக்கு வரும். பாடகர் வயலின்காரரைப் பார்த்து ‘சபாஷ்’ என்று முணுமுணுப்பதுகூடக் கேட்கும். பெரிய அரங்குகளில் ஒலிபெருக்கியை அளவுக்கு மேல் ஏற்றிவைத்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஓசையை அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். வீணைக் கச்சேரி என்றால் யோசிக்கவே வேண்டாம், சின்ன ஹால்தான்.

பகல் கச்சேரிகளையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். எதிரே முப்பது பேர் இருந்தாலும் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள்.

டிக்கெட் எப்படி? செலவு அதிகம் ஆகுமா?

பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. சின்ன ஹால்களிலும் வித்யா பவனிலும் நிறைய இலவசக் கச்சேரிகள் நடக்கும். மாலை நேரப் பிரபலக் கச்சேரிகளுக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்குப் போக மிச்சமிருப்பதுதான் தினசரி டிக்கெட்டாக வரும். அதனால் அன்று மாலை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

விடியற்காலையில் எழுந்து போக வேண்டும் என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

மார்கழியின் சங்கீதம் அங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை ஐந்தரை மணிக்குள் வடக்கு மாட வீதிக்கு வந்துவிடுங்கள். பனி இறங்கிக்கொண்டிருக்கும். வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஹார்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜால்ராவும் மிருதங்கமுமாகப் பஜனைக் கோஷ்டி மெதுவாக நடந்து வரும். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது வீட்டிலிருந்து வந்து சேர்ந்துகொள்வார்கள். சுருதி அங்கங்கே விலகும், யாரும் பொருட்படுத்துவதில்லை. நீங்களும் சேர்ந்து நடக்கலாம், யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள்.

இந்த வழக்கத்தை மயிலாப்பூரில் ஆழமாக வேரூன்ற வைத்தவர் பாபநாசம் சிவன் (1890–1973). மேடையில் புகழ் பெற்றவர், சினிமாவுக்கும் பாட்டெழுதியவர், ஆனாலும் மார்கழி முழுக்க விடியலில் மாட வீதிகளைப் பாடியபடி சுற்றி வந்தார். கபாலியையும் கற்பகாம்பாளையும் அவர் பாடிய கீர்த்தனைகள் இன்று எல்லாச் சபா மேடைகளிலும் ஒலிக்கின்றன. மாலையில் குளிரூட்டிய அரங்கில் அவற்றைக் கேட்கப்போகிறவர், அவை பிறந்த தெருவில் காலையில் ஒருமுறை நடந்துவிட்டால் பாட்டின் நடையே வேறு மாதிரி கேட்கும்.

பஜனை முடிந்ததும் கோயிலுக்குள் போங்கள். மார்கழியில் திருவெம்பாவை உண்டு. அதைவிடவும் பழைய ஒன்றுக்காகவும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘மட்டிட்ட புன்னை’ என்று தொடங்கும் சம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் இந்தக் கோயிலுக்கே உரியது, சீகாமரப் பண்ணில் அமைந்தது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றையெல்லாம் காணாமல் போவாயோ பூம்பாவாய் என்று இறந்த பெண்ணைக் கேட்கிறது அந்தப் பதிகம். ஓதுவார் அதைப் பாடும்போது வெளியே அந்த விழாக்களில் ஒன்று நடந்துகொண்டிருக்கலாம். ஆயிரத்து முந்நூறு வருஷமாக மயிலையின் நாட்காட்டி பெரிதாக மாறவில்லை. பெருமாள் கோயில் திருப்பாவை கேட்க வேண்டுமானால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் மாதவப் பெருமாள் கோயிலும் நடக்கிற தூரத்தில்தான்.

நாகஸ்வரம் எங்கே கேட்கலாம்?

சபாவில் தேடாதீர்கள், கோயிலில் கேளுங்கள். வெட்டவெளியில் பல வீதிக்குக் கேட்க வேண்டிய வாத்தியம் அது. உங்கள் வார இறுதியில் பிரதோஷம் வந்தால் யோகம்தான். மாலையில் சுவாமி ரிஷப வாகனத்தில் பிரகாரம் சுற்றும்போது பின்னாலேயே போங்கள். தவில்காரரின் கைகளைப் பாருங்கள்: வலது கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டியிருப்பார், இடது கையில் குட்டையான கழி. அந்தக் கூடுகள் தோலில் படும்போதுதான் தவிலுக்கே உரிய வெடிப்பு கிடைக்கிறது. நாகஸ்வரக்காரர் நடுநடுவே சீவாளியை மாற்றுவார். நாணல் வகைத் தட்டையில் செய்த அந்தச் சின்ன உறுப்பு எச்சிலில் பதமாக இருந்தால்தான் ஸ்வரம் பேசும்.

சில கோயில்களில் மேளக்காரர்களுக்குப் பதில் சுவிட்சைத் தட்டினால் அடிக்கிற மின்சார முரசு வந்துவிட்டது. அது கேட்கும்போதெல்லாம் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போன சத்தமாகத்தான் எனக்குக் கேட்கிறது.

வாத்தியம் செய்கிற இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மிருதங்கம் செய்வதும் பழுது பார்ப்பதுமான சிறு பட்டறைகள் இருக்கின்றன. சீசனில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஆகவே முதலில் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்று பாருங்கள்.

பலா மரத்தைக் குடைந்த கட்டை. வலப்பக்கமான வலந்தலைக்கு ஒரு விதமாகவும் தொப்பிக்கு ஒரு விதமாகவும் தோல். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் ஒரே மிருதங்கத்துக்குள் இருக்கிறது. இழுத்துக் கட்டுகிற வார் எருமைத் தோல். வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கிறதே, அந்தச் ‘சாதம்’ போடுவதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். கிட்டான் கல்லைப் பொடித்துச் சலித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, ஒரு சிட்டிகை வைத்துக் கல்லால் தேய்ப்பார்கள். காய்ந்ததும் மேலே இன்னொரு அடுக்கு. இப்படி அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் தட்டிப் பார்த்து, சுருதி வந்து நிற்கிற இடத்தில் நிறுத்துவார்கள். அளவுகோல் காதுதான். இரண்டு தோலுக்கும் நடுவில் மெல்லிய குச்சிகளைச் செருகினால் அது குச்சி மிருதங்கம், கல் பொடி தூவினால் கப்பி மிருதங்கம். சாப்பு என்னும் அடியின் நாதம் இரண்டிலும் வேறு.

இதைப் பார்த்துவிட்டு மாலையில் கச்சேரிக்குப் போனால், வித்வான் மேடையில் ரவையைக் குழைத்துத் தொப்பியில் அப்புவதும், சின்னக் கல்லால் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பதும் உங்களுக்குக் காத்திருக்கும் நேரமாகத் தெரியாது.

இது ஒரு சாராரின் இசை, நமக்கு அங்கே இடமில்லை என்று தோன்றுகிறதே?

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இசை வேளாளர் குடும்பங்களையும் தேவதாசி மரபுப் பெண்களையும் சபா மேடை பையப் பைய ஓரம்கட்டியது. 1928-ல் தொடங்கிய அகாடமியில் ஒரு பெண் சங்கீத கலாநிதி ஆக 1968 வரை, எம்.எஸ். சுப்புலட்சுமி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு ஓர் இயக்கமே நடந்தது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. மணி ஐயரின் வாசிப்பைப் பேசாத ரசிகர் இல்லை, அந்த மிருதங்கங்களைச் செய்துகொடுத்த பர்லாந்துவின் பெயரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மேலே சொன்ன தோல் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பத்தினர்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் போய்க் கேட்கிறேன், உங்களையும் வரச் சொல்கிறேன். அது யார் வீட்டுச் சொத்தும் இல்லை. டிக்கெட் வாங்கியோ வாங்காமலோ நிமிர்ந்து போய் முன்வரிசையில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ராகம் என்ன என்று கேளுங்கள். நான் பார்த்தவரை சந்தோஷமாகச் சொல்கிறவர்களே அதிகம்.

மார்கழியின் வேறு முகங்களையும் பாருங்கள். பாரிமுனை பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பரில் நடக்கும், பண் ஆராய்ச்சியும் கூடவே உண்டு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’யில் பறை, கானா, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் பெரிய மேடை ஏறுகின்றன. உங்கள் நான்கில் ஒன்றை அதற்குக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். சட்டம் என்று ஒன்று போட்டால் மயிலாப்பூரைவிட்டு வெளியே போக அது ஒன்றுக்குத்தான் அனுமதி.

சாப்பாடு?

சபா கேன்டீன் சீசனின் ஒரு பகுதி. மிண்ட் பத்மநாபன், ஞானாம்பிகா, சாஸ்தாலயா என்று சமையல்காரர்களின் பெயரைச் சொல்லி, இந்த வருஷம் யார் எந்தச் சபாவில் என்று விசாரித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒரு வேளை இலைச் சாப்பாடு, ஒரு வேளை டிபன் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கீரை வடையும் அசோகா அல்வாவும் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

தெருவில் சாப்பிட: காலையில் அருண்டேல் தெருப் பக்கம் ராயர் மெஸ், சீக்கிரம் போனால்தான் கிடைக்கும். கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். அதே வீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே பொங்கலும் பஜ்ஜியும் தருகிற ஜன்னல் கடை. கச்சேரிக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஆலாபனையின்போது கண் சொக்கிவிடும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

வரலாம், மூன்று மணி நேர மாலைக் கச்சேரிக்கு வேண்டாம். விடியல் பஜனைக்கும் பகல் கச்சேரியில் ஒரு மணி நேரத்துக்கும் கூட்டி வாருங்கள். லஸ் பக்கத்து நாகேஸ்வரராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை மைக் இல்லாமல் சிறுவர்கள் பாடுகிற கச்சேரி நடத்துவார்கள். உங்கள் வார இறுதியில் அது அமைந்தால் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. தங்கள் வயதுப் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து வர்ணம் பாடுவதைப் பார்த்த குழந்தைக்கு நாம் ஒன்றும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

எப்படி வருவது, எங்கே வண்டி நிறுத்துவது?

காரில் வராதீர்கள். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் கோயிலுக்கு நடந்துவிடலாம். முண்டகக்கண்ணியம்மன் கோயில், மந்தைவெளி நிலையங்களும் பக்கம்தான். லஸ், கச்சேரி சாலைப் பகுதிகளில் மெட்ரோ வேலைக்காகப் பாதைகள் அடிக்கடி திருப்பிவிடப்படுகின்றன, கூகுள் காட்டுகிற வழியை மட்டும் நம்ப வேண்டாம். அகாடமிக்கு லஸ் முனையிலிருந்து நடக்கலாம், வெயிலென்றால் ஆட்டோ.

பாட்டை ரெக்கார்டு செய்யலாமா? வேறு என்ன நாகரிகம் பார்க்க வேண்டும்?

கூடாது. போனை அணைத்துவிடுங்கள், வெளிச்சம்கூடப் பின்னாலிருப்பவரைப் படுத்தும். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில். உடைக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. ஏசி குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

கோயில் சன்னதித் தெரு கிரி டிரேடிங்கில் பாட்டுப் புத்தகங்களும் மின் தம்புராவும் கிடைக்கும். கீர்த்தனைகள் ஸ்வரக் குறிப்போடு அச்சான ஒரு புத்தகம் வாங்குங்கள். கேட்ட பாட்டின் வரிகளை வீட்டில் படித்துப் பார்க்கும்போது கச்சேரி இன்னொரு முறை நடக்கும்.

டிசம்பரில் வர முடியவில்லை. வேறு எப்போது?

ஜனவரியில் பொங்கலுக்கு முன்னால் மயிலாப்பூர் திருவிழா என்று நான்கு நாள் நடக்கும். வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி, பூங்காவில் காலைக் கச்சேரி, தெருக்களின் பழங்கதையைச் சொல்லியபடி நடத்திக் கூட்டிப்போகும் நடைகள் என்று கலகலப்பாக இருக்கும். ஆனால் என் ஓட்டு பங்குனிப் பெருவிழாவுக்கு. எட்டாம் நாள் அறுபத்துமூவர். நாயன்மார்கள் வரிசை வரிசையாகப் பல்லக்கில் வர, நாகஸ்வரம் நாள் முழுக்க வீதியில் ஒலிக்கும். கபாலி வீதியுலா வரும் கோலத்தைக் கண்டு பாபநாசம் சிவன் பாடிய காம்போதிக் கீர்த்தனை ‘காணக் கண் கோடி வேண்டும்’ என்று தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தில் நின்றால் அது மிகையில்லை என்று புரியும். அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சுவாமி புறப்பாடு ஆவதற்குள் தெற்கு மாட வீதியில் இடம் பிடித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும், வழியெங்கும் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். திரும்பிப் போகும்போது மந்தைவெளிப் பக்கம் நடந்து ரயில் பிடியுங்கள். திருமயிலை நிலையத்தில் அன்று இரவு ஏற முடியாத கூட்டம் இருக்கும்.